தூக்க ஓர் ஆள்

எம்.எல்.ஏ. விடுதி, சென்னை
ஜூன் 28

அன்புள்ள அண்ணிக்கு,

பரசுராமன் வணங்கி எழுதுவது. எனக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. தொகுதி வீட்டில் உங்கள் ஓரகத்தி அன்புச்செல்வியும் சௌக்கியம். அண்ணன் எப்படி இருக்கிறார்? இந்த வெயிலில் உங்கள் உடம்புக்கு ஒன்றுமில்லையே?

போனில் சொல்லியிருக்கலாம். என் போனைப் பாதி நேரம் உதவியாளர்தான் எடுக்கிறார். உங்கள் போனோ அண்ணன் கட்டிலில் ஸ்பீக்கரில் கிடக்கும். நான் வெளியூர் விடுதியில் தங்கிப் படித்தபோது வாரம் ஒரு கார்டு தவறாமல் போட்டவர் நீங்கள். உங்களோடு பேனாவில் பேசினால்தான் எனக்குப் பேசின மாதிரி இருக்கிறது.

நேற்று சட்டமன்றத்தில் பேசினேன். எழுந்து நடமாட முடியாதவர்களைப் பார்த்துக்கொள்ள மாவட்டத்துக்கு இரண்டு அரசு இல்லங்கள் கட்டுவதென்று ஒரு மசோதா வந்திருக்கிறது. நான் எதிர்த்தேன். வீடு செய்கிற வேலையை அரசாங்கம் எடுத்துக்கொண்டால் அப்புறம் வீடு எதற்கு என்று கேட்டேன். பேச்சுவாக்கில் உங்களையும் சொன்னேன். பெயர் சொல்லவில்லை. "பக்கவாதத்தில் படுத்த என் அண்ணனை ஆறு வருடமாக என் அண்ணி பார்த்துக்கொள்கிறார். இதுவரை ஒரு படுக்கைப் புண் வந்ததில்லை. எந்த அரசிடமும் போய் அவர் எதுவும் கேட்டதில்லை" என்றேன். இரண்டு பக்கமும் மேசையைத் தட்டினார்கள்.

மசோதாவை ஓர் ஆய்வுக் குழுவுக்கு அனுப்பியிருக்கிறார்கள். பதினோரு பேரில் நானும் ஒருவன். இனி நான்கைந்து மாதம் இதே வேலைதான். இதை அண்ணனுக்குப் படித்துக் காட்டுங்கள்.

அன்புடன்,
பரசு

---

சேவூர்
ஜூலை 6

அன்பான தம்பி பரசுவுக்கு,

அண்ணி கிருஷ்ணம்மாள் எழுதுவது. உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. நானும் உன் அண்ணனும் நல்லபடியாக இருக்கிறோம். அன்புச்செல்விக்கு முட்டிவலி எப்படி இருக்கிறது என்று நீ எழுதவே இல்லை.

கடிதம் வருவதற்கு முன்பே சேதி வந்துவிட்டது. பக்கத்து வீட்டுக் காத்தாயி போனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். "யக்கா, ஒன் கொழுந்தனாரு ஒன்னப் பத்திதான் பேசிகினு கீறாரு. ஜல்தி வா" என்றாள். உன் அண்ணன் காதருகே வைத்துக் காட்டினேன். இரண்டு முறை கேட்டார். "சரி" என்றார். இந்த நோய் வந்ததிலிருந்து அவருக்கு மிஞ்சியிருப்பது அந்த ஒரு சொல்தான் என்பது உனக்குத் தெரியும். பசித்தாலும் சரி, கோபம் வந்தாலும் சரிதான். இது சந்தோஷ சரி. எனக்கு வித்தியாசம் தெரியும். கண்ணைத் துடைத்துவிட்டேன்.

நீ பேசினது நன்றாக இருந்தது. ஒரு சின்னத் தப்பு. ஆறு வருடம் முடிந்து சித்திரையோடு ஏழு தொடங்கிவிட்டது.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் புரட்டிப் போடுகிறேன். பெரிய உடம்பு, என் மாமனார் வாட்டம். மற்றபடி வேலை ஒன்றும் இல்லை. தறியில் உட்காருவதை விட்டுவிட்டேன். கண் முன்போல் இல்லை. தறியைத் தமிழ்வாணனிடம் ஓட்டக் கொடுத்திருக்கிறேன். தங்கமான பையன், இரண்டு பிள்ளைக்குத் தகப்பன்.

வெளியில் சாப்பிடும்போது எண்ணெய்ப் பலகாரத்தைக் குறை.

உன் நலம் விரும்பும்,
அண்ணி

---

சென்னை
ஜூலை 16

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். அன்புச்செல்வி தைலம் தேய்த்துக்கொண்டு பள்ளிக்குப் போய்வருகிறாள். நீங்கள் கேட்டதைச் சொன்னேன். "ஒங்க அண்ணி கேக்கறாங்க, நீங்க கேக்கல பாருங்க" என்றாள்.

உங்கள் கண்ணைப் பற்றி எழுதியிருந்தீர்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆரணியில் கண் முகாம் நடக்கிறது. உங்கள் பெயரைப் பதிவு செய்துவிட்டேன். கார் வரும். நீங்கள் போய்வரும்வரை காத்தாயியை அண்ணன் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். மறுக்கக் கூடாது.

குழு மூன்று முறை கூடிவிட்டது. மருத்துவர்கள், அதிகாரிகள் எல்லோரும் இல்லம் வேண்டும் என்கிறார்கள். என் பக்கம் ஆள் குறைவு. குழுத் தலைவர் அன்பரசி வேறு கட்சிக்காரர், கண்டிப்பானவர். "பரசுராமன் சார், உங்க வீட்டு நல்ல மனுஷிய வச்சிகினு நாட்டுக்கே சட்டம் எழுதாதீங்க" என்றார். எனக்குச் சுருக்கென்றது.

பொதுமக்கள் ஆகஸ்டு முடியும்வரை குழுவுக்குக் கருத்து எழுதலாம். வீட்டிலேயே நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர்கள் நாலு பேர் எழுதினால் என் வாதத்துக்குப் பலம். உங்களால் எழுத முடியுமா? ஒரு பக்கம் போதும்.

அண்ணனுக்கு என் வணக்கம்.

பரசு

---

சேவூர்
ஆகஸ்டு 4

அன்பான தம்பிக்கு,

உடனே பதில் போடவில்லை என்று நினைக்காதே. அண்ணனுக்கு நாலு நாள் சளி. இப்போது தெளிந்துவிட்டார். இங்கே ஆடிக் கூழ் ஊற்றினார்கள். அவருக்கு ஒரு கரண்டி நீர்க்கக் கரைத்துக் கொடுத்தேன். புரையேறாமல் குடித்தார்.

கண் முகாமுக்குப் போனேன். கார் அனுப்பியதற்குச் சந்தோஷம். "ஆயா, இந்த வயசுக்கு ஒங்க கண்ணு ஜோரா கீது" என்று அந்தப் பெண் சொல்லிவிட்டது. அறுபத்தொன்றில் நான் ஆயாவாகிவிட்டேன். கண்ணாடி தேவையில்லை என்றார்கள். வீண் அலைச்சல் கொடுத்துவிட்டேன்.

கருத்து எழுதச் சொன்னாயே, சில சந்தேகம். அதை யார் பிரித்துப் படிப்பார்கள்? எல்லோர் முன்னாலும் படிப்பார்களா? எழுதினவள் பெயர் வெளியில் வருமா? தலைவர் ஒரு பொம்பளை என்று எழுதியிருந்தாய். அவர் கைக்கே போகுமா? சும்மா தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.

மகள் பானுப்ரியா ஓசூரிலிருந்து பேசினாள். சின்னவனுக்குப் பல் முளைத்துவிட்டதாம். வரச்சொல்லிக் கூப்பிடவில்லை. அவளுக்கு அங்கே இரண்டு குழந்தையோடு சரியாக இருக்கிறது.

வேளைக்குத் தூங்கு.

அண்ணி

---

சென்னை
ஆகஸ்டு 11

அன்புள்ள அண்ணிக்கு,

அண்ணனுக்குச் சளி தெளிந்தது கேட்டு நிம்மதி. எங்கள் பக்கம் எல்லோரும் நலம்.

தலைவர் பெயருக்கு எழுதினால் அவர்தான் முதலில் பார்ப்பார். முக்கியமானதைச் செயலாளர் கூட்டத்தில் வாசிப்பார். பெயர் வேண்டாம் என்று ஒரு வரி எழுதிவிட்டால் பெயரைச் சொல்ல மாட்டார்கள். தாராளமாக எழுதுங்கள். நீங்கள் என்னைப் புகழ்ந்து எழுதினாலும் நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

கண் நன்றாக இருக்கிறதென்றால் தறியை ஏன் விட்டீர்கள்? உங்களுக்குச் சும்மா இருக்கத் தெரியாதே. அண்ணன் உங்களைத் தறியில் பார்த்துக்கொண்டே படுத்திருப்பார், அது அவருக்குப் பொழுதுபோக்கு என்று நீங்கள்தான் ஒருமுறை சொன்னீர்கள்.

பரசு

---

சென்னை
செப்டம்பர் 12

அன்புள்ள அண்ணிக்கு,

ஒரு மாதமாகக் கடிதம் இல்லை. என் கேள்வி ஏதாவது தப்பா? போன் செய்தேன். "எல்லாரும் நல்லாத்தான் கீறோம், அவுரு கூப்புடறாரு" என்று வைத்துவிட்டீர்கள். அண்ணனால் கூப்பிட முடியாது என்பது வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

குழுவுக்கு ஆயிரத்துக்கு மேல் கடிதம் வந்திருக்கிறது. இருபத்துநாலாம் தேதி முதல் வாசிக்கிறார்கள். உங்கள் கடிதம் இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை, கேட்கவும் கூடாது.

கையெழுத்து மட்டும் போட்டு ஒரு கார்டு அனுப்பினால்கூடப் போதும்.

பரசு

---

சேவூர்
ஆகஸ்டு 29

உயர்திரு ஆய்வுக் குழுத் தலைவர் அம்மா அவர்களுக்கு,

வணக்கம். நீங்களும் உங்கள் குடும்பமும் நலமாக இருக்கவேண்டும். என் பெயரைக் கூட்டத்தில் வாசிக்கவேண்டாம் என்று முதலில் கேட்டுக்கொள்கிறேன்.

என் வீட்டுக்காரருக்கு வலது கை, கால், பேச்சு மூன்றும் போய் ஏழாவது வருடம் நடக்கிறது. நான்தான் பார்த்துக்கொள்கிறேன். பல் விளக்குவது, மலம் எடுப்பது, குளிப்பாட்டுவது, ஊட்டுவது, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டுவது. புண் வந்ததில்லை. இதைச் செய்வதில் எனக்கு வருத்தம் கிடையாது. அவர் என்னை ஒருநாளும் கைநீட்டி அடித்ததில்லை, ஒரு கெட்ட வார்த்தை சொன்னதில்லை.

ஆளைத் தூக்கித் தூக்கி எனக்குக் கர்ப்பப்பை இறங்கிவிட்டது. மூன்று வருடம் ஆகிறது. முதலில் தும்மினால் மட்டும் தெரிந்தது. இப்போது நின்றாலே வெளியில் வந்துவிடுகிறது. துணி வைத்துக் கட்டிக்கொண்டுதான் வேலை செய்கிறேன். சிறுநீர் அடக்க முடிவதில்லை. அதனால் பஸ்ஸில் ஏறுவதில்லை, கல்யாணத்துக்குப் போவதில்லை. தறியில் உட்கார முடியவில்லை. கேட்கிறவர்களிடம் கண் சரியில்லை என்று சொல்லிவிடுகிறேன்.

ஆஸ்பத்திரியில் காட்டினேன். டாக்டரம்மா நல்லவர். ஆபரேஷன் செய்துவிடலாம், அப்புறம் மூன்று மாதம் கனம் தூக்கக் கூடாது என்றார். "எங்க வூட்ல எழுவது கிலோ ஆளு படுத்துகினு கீறாரும்மா, அவர எத்தினி மணி நேரம் தூக்காம வுடறது" என்று கேட்டேன். கர்ப்பப்பையைத் தாங்க ஒரு ரப்பர் வளையம் வைத்து அனுப்பினார். கொஞ்ச நாள் நின்றது. தூக்கும்போது நழுவிவிட்டது.

கூலிக்கு ஒரு ஆண் ஆளை வைத்துப் பார்த்தேன். தெரியாத ஆள் துணியை அவிழ்த்ததும் இவர் இடது கையால் ஓங்கிவிட்டார். இரண்டாம் நாள் அந்த ஆள் வரவில்லை. என் மகளிடம் சொன்னால் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பாள். அவள் தூக்கினால் நாளைக்கு அவளுக்கும் இதே வரும்.

எங்கள் குடும்பத்தில் எல்லோரும் நல்லவர்கள். யார்மேலும் குறை இல்லை. யாரும் என்னை உனக்கு என்ன செய்கிறது என்று கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். இதை ஆம்பிளைகளிடம் எப்படிச் சொல்வது? உங்களுக்கு எழுதுவதே நாலு தாள் கிழித்த பிறகுதான்.

இல்லத்தில் அவரைக் கொண்டுபோய் விட எனக்கு மனசில்லை. விட்டால் அவர் இருக்க மாட்டார். எனக்கு ஆபரேஷன் ஆகி எழுந்து நிற்கிறவரைக்கும் பழக்கமான கையாக ஒரு ஆள் வந்து அவரைத் தூக்கினால் போதும். இது சட்டத்தில் எழுதுகிற விஷயமா என்று தெரியவில்லை. எழுத முடியும் என்றால் எழுதுங்கள். என்னைப்போல இந்தத் தெருவில் மட்டும் இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ம. கிருஷ்ணம்மாள்

---

சென்னை
செப்டம்பர் 24

அண்ணி,

இந்தக் கடிதத்தை அண்ணனுக்குப் படித்துக் காட்ட வேண்டாம்.

இன்று பகல் பதினொன்றரை மணிக்குச் செயலாளர் ஒரு கடிதத்தை வாசித்தார். பெயர் சொல்லவில்லை. ஏழாவது வருடம் என்றதும் நிமிர்ந்தேன். புண் வந்ததில்லை என்றபோது பேனாவை மூடி வைத்தேன். கண் சரியில்லை என்று சொல்லிவிடுகிறேன் என்கிற இடம் வந்ததும் எழுந்து வெளியே போய்விட்டேன். அதற்குப் பிறகு உள்ளதைப் பின்னால் தனியாக வாங்கிப் படித்தேன். வராந்தாவில் ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அன்பரசி அம்மாள் பின்னாலேயே வந்தார். "தண்ணி குடிங்க" என்றார். அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது. பெயரும் ஊரும் இருக்கிற தாள் அவர் கையில்தானே போயிற்று.

நான் உங்களை வைத்து மேசை தட்டு வாங்கியிருக்கிறேன், அண்ணி. கண் முகாமுக்குக் கார் அனுப்பிவிட்டுப் பெரிய காரியம் செய்தவன் மாதிரி இருந்தேன்.

நீங்கள் கூச்சப்பட வேண்டாம். நான் இதைப் பற்றி நேரில் ஒரு வார்த்தை பேச மாட்டேன். வேலூர் ஆஸ்பத்திரியில் தேதி வாங்குவதை அன்புச்செல்வி பார்த்துக்கொள்வாள். அவளிடம் பேசுங்கள். அண்ணனைத் தூக்க நான் வருகிறேன்.

பரசு

---

சேவூர்
அக்டோபர் 2

அன்பான தம்பி பரசுவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அடுப்படியில் போய் உட்கார்ந்துவிட்டேன். உன் முகத்தில் இனி எப்படி முழிப்பது என்றிருந்தது. அன்புச்செல்வி பேசினபிறகு கொஞ்சம் ஆறினது. அவள் ஒன்றும் துருவவில்லை. "அண்ணி, எங்க அம்மாவுக்கும் இருந்திச்சு. செத்தப்புறம்தான் எங்களுக்குத் தெரிஞ்சிது" என்றாள்.

நீ மேசை தட்டு வாங்கியது பற்றி வருத்தப்படாதே. நீ பேசினதில் பொய் ஒன்றும் இல்லை. பாதி உனக்குத் தெரியாது, அவ்வளவுதான். தெரியாமல் பார்த்துக்கொண்டவள் நான்.

நீ வருகிறேன் என்கிறாய். உனக்கு என்ன தெரியும்? சின்னப் பிள்ளையில் உன் சட்டைக்கு நான்தான் பித்தான் போடுவேன். எம்.எல்.ஏ. வந்து மலச்சட்டி எடுக்கிறான் என்று ஊர் சிரிக்கும். அன்புச்செல்வி வரட்டுமா என்று கேட்டேன். "அவுருதான் வரணும். நான் வந்தா மறுபடியும் ஒரு மருமவதான வந்த மாதிரி" என்றாள். உன் பெண்டாட்டி உன்னைவிடக் கெட்டிக்காரி.

உன் அண்ணனிடம் இன்னும் சொல்லவில்லை. அவரிடம் எப்படிச் சொல்வது என்றுதான் எனக்குத் தவிப்பு. தன்னால்தான் என்று நினைத்துவிடுவார். தீபாவளி கழியட்டும்.

அண்ணி

---

சேவூர்
நவம்பர் 21

தெள்ளாரில் உங்கள் தம்பி சின்னதுரை வீட்டில் இருக்கும் அண்ணிக்கு,

சேவூரிலிருந்து பரசு எழுதுவது. உங்கள் வீட்டிலிருந்து உங்களுக்கே கடிதம் எழுதுவது வேடிக்கையாக இருக்கிறது. ஆபரேஷன் ஆகிப் பதினோரு நாள் ஆயிற்று. தையல் இழுக்கிறதா? காய்ச்சல் இல்லையே? சின்னதுரை உங்களைக் குடம் தூக்க விடுவதில்லை என்று போனில் சொன்னார். அவருக்குப் புண்ணியம்.

அண்ணன் முதல் மூன்று நாள் என்னைப் படுத்திவிட்டார். உங்களை ஏற்றிக்கொண்டு கார் போன திசையையே பார்த்தபடி கிடந்தார். நான் வேட்டியை அவிழ்க்கப் போனால் "சரி, சரி" என்று கத்தினார். அது கோப சரி என்று எனக்கே தெரிந்தது. கையை ஓங்கினார், வாங்கிக்கொண்டேன். மூன்றாம் நாள் நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"அண்ணே, ஒனக்கு ஒடம்பு முடியலன்னு அண்ணிதான் தூக்கிகினு இருந்திச்சு. இப்ப அதுக்கு முடியல. நானும் தூக்கலன்னா யார் தூக்குவா?" என்றேன்.

அப்புறம் தானாகவே இடது கையை என் கழுத்தில் போட்டார். அண்ணி, என்ன காரணத்தால் உங்களுக்கு அப்படி ஆயிற்று என்று நான் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்துவிட்டது என்றே நினைக்கிறேன். அன்று மாலைவரை கண்ணைத் திறக்காமல் கிடந்தார். மறுநாள் சாப்பிட்டார்.

தூக்குவது எப்படி என்று தமிழ்வாணன் காட்டிக்கொடுத்தான். தறி வேலைக்கு நடுவே வந்து அண்ணன் கால்பக்கம் பிடிக்கிறான். நாங்கள் இரண்டு ஆம்பிளைகள் சேர்ந்து செய்வதை நீங்கள் ஒருவராகச் செய்திருக்கிறீர்கள். ஆறாம் நாள் எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. எட்டாம் நாள் அண்ணன் முதுகில் ஒரு சிவப்பு கண்டேன். உட்கார்ந்தபடியே கண் அசந்து ஒருமுறை புரட்ட மறந்திருக்கிறேன். பயந்துபோய் நர்ஸ் அம்மாவைக் கூப்பிட்டேன். புண்ணாகவில்லை, தப்பித்தோம்.

இன்னொரு சேதி. குழு அறிக்கையில் ஒரு பிரிவு சேர்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன். இல்லம் வேண்டாம் என்பதில் நான் மாறவில்லை. வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவருக்கே உடம்பு முடியாமல் போனால், அவர் தேறும்வரை அரசு பயிற்சி கொடுத்த ஆளை வீட்டுக்கு அனுப்பவேண்டும். தொண்ணூறு நாள் என்று கேட்டேன். நிதித் துறையினர் பதினான்கு நாள் என்கிறார்கள். பதினான்குக்குச் சம்மதித்தால் எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். இல்லையென்றால் நான் மட்டும் சம்மதமில்லை என்று எதிர்க்குறிப்பு எழுதவேண்டும். கட்சியில் கூப்பிட்டு, "இல்லம் வேணாம்னீங்க, இப்ப வூட்டுக்கே ஆள் அனுப்புங்கறீங்க. மெதுவா கையெழுத்த போட்டுட்டு வாங்க" என்கிறார்கள். எனக்கும் பதினான்கு நாளாவது கிடைக்கட்டுமே என்று ஒரு மனசு. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

பரசு

---

தெள்ளார்
நவம்பர் 28

அன்பான தம்பி பரசுவுக்கு,

நான் தேறிக்கொண்டு வருகிறேன். காய்ச்சல் இல்லை. நடக்கும்போது அடிவயிற்றில் ஒரு இழுப்பு, அது போய்விடும் என்றார்கள். உன் இடுப்புக்குச் சுடுதண்ணீர் ஒத்தடம் கொடு. குனிந்து தூக்காதே, முட்டியை மடக்கித் தூக்கு. உன் அண்ணனைப் புரட்டும்போது முதலில் அந்த விளங்காத கையை நெஞ்சின்மேல் எடுத்து வைத்துக்கொள். அது அடியில் மாட்டினால் அவருக்கு வலிக்கும், சொல்லத் தெரியாது.

உன் கழுத்தில் கை போட்டார் என்று படித்ததும் எனக்குப் பொறாமையாக இருந்தது. அப்புறம் சிரித்துக்கொண்டேன்.

என்னிடம் கருத்துக் கேட்டிருக்கிறாய். ஆபரேஷன் முடிந்து பதினான்காம் நாள் நான் எப்படி இருந்தேன் என்று சொல்கிறேன், நீயே கணக்குப் போட்டுக்கொள். கொல்லைக்குப் போக சின்னதுரை பெண்டாட்டி கையைப் பிடித்துக்கொண்டு போனேன். ஒரு செம்புத் தண்ணீரைத் தூக்கினால் பயம். அன்றைக்கு என்னை வீட்டுக்கு அனுப்பியிருந்தால் நான் அவரைத் தூக்கியிருப்பேன். கண் எதிரில் ஈரத்தில் கிடந்தால் எப்படித் தூக்காமல் இருப்பது? தூக்கியிருந்தால் செய்த ஆபரேஷன் வீண்.

அதனால் பதினான்கு நாளுக்கு நீ கையெழுத்துப் போடாதே. எதிர்க்குறிப்பு எழுது. அதில் என் கடிதத்தைப் பெயரோடு சேர்த்துக்கொள். ம. கிருஷ்ணம்மாள், சேவூர் என்று முழுசாகப் போடு. வெட்கமெல்லாம் ஆஸ்பத்திரியில் கழற்றி வைத்துவிட்டு வந்துவிட்டேன். அந்த வார்டில் பதினெட்டுப் பேர் இருந்தோம். அதில் ஏழு பேர் என்னைப்போலத்தான். ஒருத்தி மாமியாரைத் தூக்கினவள், ஒருத்தி பெற்ற மகனை. எல்லோரும் கண் சரியில்லை, முதுகு சரியில்லை என்று ஊரில் சொல்லி வைத்திருக்கிறார்கள்.

உன் கட்சியில் கோபித்துக்கொண்டால் வா, தறி ஓட்டக் கற்றுத் தருகிறேன்.

அண்ணி

---

சேவூர்
டிசம்பர் 20

அன்புள்ள அண்ணிக்கு,

சென்னைக்குப் போய் நேற்றுத்தான் திரும்பினேன். நான் இல்லாத இரண்டு நாளும் தமிழ்வாணன் அண்ணனோடு இருந்தான். அண்ணன் அவனிடம் ஒருமுறைகூடக் கை ஓங்கவில்லை. எங்கள் இருவருக்கும் உடம்பு நலம். உங்களுக்கு இழுப்பு போய்விட்டதா?

எதிர்க்குறிப்பு எழுதினேன். நீங்கள் சொன்னபடி உங்கள் கடிதத்தைப் பெயரோடு வைத்தேன். இறுதிக் கூட்டத்தில் நானே எழுந்து அதை வாசித்தேன். கர்ப்பப்பை என்கிற சொல்லை நான் இதற்குமுன் நாலு பேர் நடுவில் உச்சரித்ததில்லை. குரல் இறங்கிவிட்டது. அன்பரசி அம்மாள், "சத்தமா படிங்க சார், பின்னால கேக்கல" என்றார். சத்தமாகப் படித்தேன்.

முடித்ததும் யாரும் மேசையைத் தட்டவில்லை. என்னோடு எப்போதும் மல்லுக்கு நிற்கிற ஒரு உறுப்பினர், "எங்க அம்மாவ எங்க அக்காதான் பாத்துகினு கீது" என்று மட்டும் சொல்லிவிட்டு என் குறிப்பில் கையெழுத்துப் போட்டார். பிறகு மேலும் நாலு பேர். பதினோரு பேரில் நாங்கள் ஆறு பேர் ஆகிவிட்டதால் அது எதிர்க்குறிப்பாக இல்லாமல் அறிக்கையிலேயே ஏறிவிட்டது. தொண்ணூறு கிடைக்கவில்லை. பேசிப்பேசி அறுபது நாளில் நின்றது. முதலில் ஐந்து தாலுகாவில் மட்டும். நம் தாலுகா அந்த ஐந்தில் இல்லை. இல்லங்கள் கட்டுகிற பிரிவும் அப்படியே நிற்கிறது. அதை நான் சபையில் எதிர்ப்பேன்.

கட்சிக் கொறடா பதவியை என்னிடமிருந்து எடுத்துவிட்டார்கள். அன்புச்செல்வியிடம் சொன்னேன். "நல்லது, ஞாயித்துக்கிழம வூட்ல இருப்பீங்க" என்றாள்.

சனிக்கிழமை கார் அனுப்பட்டுமா? அண்ணன் வாசலில் எந்தச் சத்தம் கேட்டாலும் திரும்பிப் பார்க்கிறார்.

பரசு

---

தெள்ளார்
டிசம்பர் 26

அன்பான தம்பி பரசுவுக்கு,

உன் கடிதத்தைச் சின்னதுரை வீட்டில் எல்லோருக்கும் நானே படித்துக் காட்டினேன். கர்ப்பப்பை என்று வருகிற இடத்தையும் விடாமல் படித்தேன். சின்னதுரை எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டான். அவன் பெண்டாட்டி போகவில்லை.

இழுப்பு போய்விட்டது. இப்போது மெதுவாக ஏரிக்கரைவரை நடந்துவிட்டு வருகிறேன். முந்தாநாள் வந்தவாசிக்குப் பஸ்ஸில் போய் வந்தேன். மூன்று வருடம் கழித்துப் பஸ் ஏறினேன். ஜன்னல் பக்கம் உட்கார்ந்தேன். ஒரு வேலையும் இல்லை, சும்மாதான் போனேன்.

நேற்று பகல் சாப்பாட்டுக்கு அப்புறம் சற்றுத் தலை சாய்த்தேன். கண் விழித்தால் பொழுது சாய்ந்திருக்கிறது. திடுக்கிட்டு எழுந்து, ஐயோ அவரைப் புரட்டவில்லையே என்று சுற்றிலும் பார்த்தேன். அப்புறம்தான் தெள்ளாரில் இருக்கிறேன் என்று ஞாபகம் வந்தது. மறுபடியும் படுத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை கார் அனுப்பாதே. டாக்டரம்மா சொன்ன மூன்று மாதம் பிப்ரவரியில்தான் முடிகிறது. அதுவரைக்கும் நான் இங்கேயே இருக்கிறேன். எனக்கு இருக்கவேண்டும்போல இருக்கிறது. உனக்குச் சபை கூடினால் தமிழ்வாணனையும் அன்புச்செல்வியின் தம்பியையும் மாற்றி மாற்றி வைத்துக்கொள். முடியாது என்றால் சொல், வந்துவிடுகிறேன். முடியும் என்றால் சமாளி.

உன் அண்ணனிடம் இதை நீயே சொல். பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, அவள் நன்றாக இருக்கிறாள், நன்றாகத் தூங்குகிறாள் என்று சொல். அவர் என்ன சரி சொல்கிறார் என்று மறக்காமல் எழுது.

அன்புடன்,
கிருஷ்ணம்மாள்